டிராக்டர் பெட்டியில் வைத்த பேர்

பதுளையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டு காரியத்துக்காக வருவார்கள். ஒன்று ஜெபம், மற்றது பிரசவம். என் கணவர் சபையில் உபதேசியார். நான் மருத்துவிச்சி. நகரத்தை ஒட்டிய ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆள் வரும். பெரிய ஆஸ்பத்திரி கிட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் இடுப்பு வலி வந்ததும் பெண்களுக்குப் பயம் வந்துவிடும். "அம்மா, நீங்களும் கூட வாங்க" என்பார்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சபை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் ஊழியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பழைய வேன். அதில் என் கணவர், நான், ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவர். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். வேலைக்கென்று மலைநாட்டுக்கு வந்து, திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர். அவர் பேசுவது லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்களுக்குச் சட்டென்று பிடிபடாது. "என்ன செய்யுது பிள்ளை?" என்று அவர் கேட்டால், "ஒண்ணும் செய்யலீங்க, சும்மாதான் நிக்கிறேன்" என்பார்கள். "ஒடம்புக்கு என்னான்னு கேக்குறாங்க" என்று நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பேன்.

தோட்டத்தில் எங்களுக்குப் பிள்ளைக்காம்பராவைத் திறந்து கொடுப்பார்கள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே மருந்து கொடுப்போம். நோயோடு வருகிறவர்களிடம் மதம் பேசுவதில்லை என்று லயத்துப் பெரியவர்களுக்கு ஒப்புக்கொண்டுதான் போனோம். கேட்டவர்களுக்கு மட்டும் என் கணவர் ஜெபம் பண்ணுவார். முக்கால்வாசிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மருந்தை வாங்கிக்கொண்டு, "வர்றோங்க" என்று போய்விடுவார்கள்.

அவளை அங்கேதான் பார்த்தேன். எல்லாரும் போன பிறகு கடைசியாக வந்தாள். தலையில் கொழுந்துக்கூடையின் கயிறு பதிந்த தடம் அப்படியே இருந்தது. வயிறு லேசாகத் தெரிந்தது.

"எத்தினையாவது பிள்ளை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரும்பக் கேட்டேன்.

"மூணாவதுங்க. ஆனா வீட்டுல ஒண்ணும் இல்லீங்க."

முதல் இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. டாக்டரம்மா அவளை வெகுநேரம் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். "இவளைக் கடைசி மாசத்தில இஞ்ச விடேலாது. மழை வந்தா ரோட்டும் இல்லை. பதுளையில, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நிக்கவேணும்" என்றார்.

பதுளையில் அவளுக்குச் சொந்தம் என்று யாருமில்லை. அவள் புருஷன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் யோசித்துப் பேசவில்லை. "எங்க வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது வேன் பசறை தாண்டிய பிறகுதான் என் கணவர், "எந்த அறையில படுக்க வைக்கப்போற?" என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

ஏழாம் மாதம் முடிந்ததும் புருஷன் கொண்டுவந்து விட்டான். ஒரு துணிப்பை, ஒரு கம்பளி, எங்களுக்கென்று ஒரு பொட்டலம் தேயிலைத்தூள். அவளைச் சும்மா உட்கார வைக்க எங்களால் முடியவில்லை. விடியும் முன்பே, தோட்டத்தில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்துக்கு, சங்கு ஊதினதுபோல எழுந்துவிடுவாள். நான் கண்ணைத் திறக்கும்போது முற்றம் கூட்டியிருக்கும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். "படுத்துக்கோ புள்ள" என்றால், "படுத்தா கால் மரத்துப்போவுதுங்க அக்கா" என்பாள்.

மாலையில் நாங்கள் ஜெபத்துக்கு உட்காரும்போது அடுப்படியில், குசினிக் கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்பாள். ரோட்டில் தனியாக விடப் பயந்து நானும் போவேன். அவள் உள்ளே போய்க் கும்பிட்டு வரும்வரை வெளியில் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். சபையில் ஒரு அம்மா, "உபதேசியார் வீட்டுல திருநீறு பூசிக்கிட்டு ஒரு புள்ள நடமாடுதாமே" என்று என் கணவரிடமே கேட்டுவிட்டார். "அது அவ நெத்திதானே அம்மா" என்றார் அவர்.

பிள்ளைக்கு என்ன பேர் வைப்பாய் என்று ஒரு நாள் கேட்டேன். மாமனார் ஒரு பேரை யோசித்து வைத்திருக்கிறார் என்றாள். ஆனால் பிறக்கும் முன்பே சொல்லக் கூடாதாம். சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சபைக் கல்லறைக்குப் போனேன். மாதத்துக்கு ஒரு தரம் புல் பிடுங்கப் போவது வழக்கம். தானும் வருகிறேன் என்றாள். கர்ப்பிணி கல்லறைக்கு வரலாமா என்று நான் தயங்கினேன். "ஒங்க கூடத்தானே வர்றேன்" என்றாள். போனோம்.

எனக்கும் ஒரு மகள் இருந்தாள். நாள் சரியாகும் முன்பே பிறந்து, காலையிலிருந்து அந்திவரைக்கும் இருந்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்குகிறவளுக்கு இப்படி ஆயிற்றே என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்தவள் குனிந்து, என் மகளின் சிலுவையில் எழுதியிருந்ததைத் தடவினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"இது என்னாங்க அக்கா?"

"எம் மகளோட பேரு."

"ஒரு நாளுதானே இருந்துச்சுன்னீங்க. பேரு வச்சீங்களா?"

"அவரு தண்ணி ஊத்தி வச்சாரு. போதகர் வர்றதுக்கு நேரமில்லேன்னா நம்பிக்கையுள்ள யாரும் ஊத்தலாம். பேரில்லாம போகக் கூடாதுன்னு ஊத்துறது."

நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"என்னோட ரெண்டையும் ஆம்பளைங்க துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வச்சாங்கன்னு கேட்டேன். பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்னு சொல்லிட்டாங்க. நாங்க கொழுந்து எடுக்குற மலைக்குப் பக்கத்துலதான் எங்கியோ இருக்கு. எந்த எடத்துல கால வைக்கிறேன்னு தெரியாமத்தான் அக்கா நான் நடக்குறேன்."

அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். இருவரும் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வாரம் புருஷனிடமிருந்து சேதி வந்தது. மாமனாருக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அந்த வீட்டில் மாமியார் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. அவன் வேலைக்குப் போனால் பெரியவருக்குக் கஞ்சி கொடுக்கக்கூட ஆளில்லை. அவளை வரச் சொல்லி அவன் கேட்கவில்லை. இப்படி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியனுப்பினான். ஆனால் அவள் துணிப்பையைக் கட்டிவிட்டாள்.

"இந்த மாதிரி நேரத்துல மலைக்குப் போகக் கூடாது" என்று நான் சொன்னேன். என் கணவரும் சொன்னார்.

"எங்க அப்பா மாதிரிங்க அக்கா அவரு. ரெண்டு புள்ளையும் போனப்ப எல்லாரும் என்னைய ஏசுனாங்க. அவரு ஒரு வார்த்த சொல்லல. காய்ச்சல் விட்டதும் வந்துர்றேன். நீங்க சனிக்கெழம வருவீங்கல்ல, அந்த வேன்லயே வந்துர்றேன்."

பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. வாரம் முழுவதும் விடவில்லை. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் நாங்கள் ஜெபம் பண்ணுவது எங்களுக்கே கேட்கவில்லை.

சனிக்கிழமை வேனில் புறப்பட்டோம். தோட்டத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பாதையில் மேட்டுமண் சரிந்து கிடந்தது. வேன் போக வழியில்லை. டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. "நான் இதிலயே இருக்கிறன். நீங்கள் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். நானும் என் கணவரும் சரிவின் ஓரமாக, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்துக் கடந்து, அந்தப் பக்கம் நடந்தோம்.

லயத்தை நெருங்கும்போதே முன் திண்ணையில், இஸ்தோப்பில், பெண்கள் கூடியிருப்பது தெரிந்தது. அவளுக்குக் காலையிலேயே வலி கண்டிருந்தது. நாள் ஆகவில்லை. அவள் புருஷன் ஓடி வந்தான். "அம்மா, ஒங்களத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா" என்றான்.

உள்ளே ஒரு காம்பராதான். சீலையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் காய்ச்சலோடு கம்பளிக்குள் படுத்திருந்தார். அவரை வெளியே கொண்டுபோய் இஸ்தோப்பில் படுக்க வைக்கச் சொன்னேன். போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

என்னைக் கண்டதும் அவள், "வேன் வந்துருச்சா அக்கா?" என்று கேட்டாள்.

"வந்துருச்சு. மொதல்ல இத முடிச்சிட்டுப் போவோம்" என்றேன்.

பகல் சாயும் முன்பு பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. உயிரோடு பிறந்தது. அதை நான் இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நிறம் நீலம் பாய்ந்திருந்தது, அழவில்லை. சளியை உறிஞ்சி எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயில் வாய் வைத்து ஊதினேன். பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. இஸ்தோப்பில் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சு வந்தது, நின்றது, திரும்ப வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

தோட்டத்து டிராக்டரை என் கணவர் ஏற்கெனவே கேட்டு வாங்கி வைத்திருந்தார். கொழுந்து ஏற்றுகிற பெட்டியில் சாக்குகளைப் போட்டு, மேலே கம்பளி விரித்து அவளைக் கிடத்தினோம். பிள்ளையை அவள் நெஞ்சோடு தோலில் தோல் படும்படி வைத்துப் போர்த்தினேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் புருஷன். மழைக்குத் தார்ப்பாய்ப் படங்கைப் பிடித்துக்கொண்டு என் கணவர்.

பாதை முழுக்கக் கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்மார் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள். மருத்துவிச்சியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எத்தனையோ வருஷ வேலையில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகியிருந்தேன். அன்றைக்கு முடியவில்லை.

"அக்கா, தண்ணி ஊத்துங்க" என்றாள்.

குடிக்கக் கேட்கிறாள் என்று நினைத்துப் போத்தலை எடுத்தேன். தலையை ஆட்டினாள். "புள்ளைக்கு. ஒங்க மகளுக்கு ஊத்துன மாதிரி."

நான் என் கணவரைப் பார்த்தேன். நாங்கள் அந்த மலைக்குக் கொடுத்திருந்த வாக்கு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவள் புருஷனிடம் கேட்டேன். "தம்பி, இவ கேக்குறது என்னான்னு தெரியுமா?"

"தெரியும்மா. இங்க வந்த நாள்லேருந்து அந்தக் கல்லறையைப் பத்தியேதான் சொல்லிக்கிட்டிருந்தா." அவன் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தான். "அவ கேக்குறத செஞ்சிருங்க."

"நீங்க ஊத்துங்க" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"உன்னத்தான் கேட்டா. நீயே ஊத்து" என்றார்.

"என்னா பேரு?"

மாமனார் யோசித்து வைத்திருந்த பேரை அவள் சொன்னாள். அது முருகனுடைய பேர்களில் ஒன்று. அதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கையில் ஊற்றி, அந்தப் பேரைச் சொல்லி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் பிள்ளையின் நெற்றியில் விட்டேன். முருகனின் பேருக்கு அப்படி ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. என் கணவர் ஆமென் என்றார். அவள் புருஷனும் ஆமென் என்றான்.

சரிவுக்கு வந்துசேரும் முன்பு பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. நான் ஊதிக்கொண்டே இருந்தேன். டிராக்டருக்குப் பின்னால் நடந்து வந்த தோட்டத்து ஆண்கள் அவளைக் கம்பளியோடு தூக்கிச் சரிவைக் கடந்தார்கள். நான் பிள்ளையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அப்போதும் ஊதிக்கொண்டே கடந்தேன். வேனில் டாக்டரம்மா பிள்ளையை வாங்கினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"காணும், பிள்ளை. இனிப் போதும், விடு" என்றார்.

அவள் அழவில்லை. பிள்ளையைத் தரச் சொன்னாள். பதுளைவரைக்கும் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னார்கள். பிள்ளையை எங்கள் கல்லறையில் வைக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். "அங்கன்னா நான் வந்து பாக்கலாம்ல அக்கா" என்றாள். என் கணவர் போதகரிடம் போனார். போதகர் எங்களைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர். இவர் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "அண்ணே, புள்ளைய மதம் மாத்திப் பொதைச்சிட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, அந்த மலைக்கு இனி நாம மருந்துகூடக் கொண்டுபோக முடியாது. வீட்டுப் பெரியவர் ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். எங்கள் மகளுக்குப் பக்கத்தில் எனக்கென்று விட்டிருந்த இடத்தைக் கொடுக்கலாம் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். என்னிடம் கேட்காமலே சொன்னார். கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மாமனார் வந்தார். காய்ச்சல் இன்னும் விடவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டதும் நின்றார்.

"எங்க புள்ளைக்குத் தண்ணி ஊத்துனீங்களாமே."

"ஊத்துனேன் ஐயா. அவ கேட்டா."

"யாரக் கேட்டு ஊத்துனீங்க? நல்லவங்கன்னு நம்பித்தானே ஒங்க வீட்டுக்கு அனுப்புனோம்." கூட வந்தவர்களும் சத்தம் போட்டார்கள். ஒருவர் என் கணவரின் சட்டையைப் பிடித்தார். அவர் அசையாமல் நின்றார். பெரியவரின் கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவள் அவருக்குக் கஞ்சி வைக்கத்தான் மலைக்குப் போனாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"என்னா பேரு வச்சீங்க, ஒங்க பேரா?" என்று கேட்டார்.

நான் அந்தப் பேரைச் சொன்னேன்.

அவர் அங்கிருந்த சீமெந்துத் திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் போட்டவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தள்ளி நின்றார்கள். ஆனாலும் பிள்ளையைத் தர அவர் சம்மதிக்கவில்லை. "எங்க வம்சத்துப் புள்ள. எங்க மண்ணுக்குத்தான் வரணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை. வாடகை வேனில் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அடுத்த மாதம் அந்தத் தோட்டத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள்: இனி வர வேண்டாம். வேறு பக்கம் போனோம். மொனராகலையில் ரப்பர் தோட்டங்களுக்கும் போனோம். வெயில் ஊர். அங்கே பெண்கள் வேறு விதமாகப் பேசினார்கள், வேறு விதமான நோய்களோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் டாக்டரம்மாவும் இறந்துபோனார். அவரை அடக்கம் பண்ணிய அன்று மடுல்சீமையில் யாருக்காவது சேதி போயிருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு வருஷம் கழித்துப் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். புதுச் சல்வார் போட்டிருந்தாள், பக்கத்தில் ஒரு பெரிய பயணப் பை. குரலைக் கேட்ட பிறகுதான் அவளென்று தெரிந்தது. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிறாளாம். கொழும்பு பஸ்ஸுக்கு நின்றாள்.

"அவரு எங்க?" என்று கேட்டேன்.

"டிக்கெட் எடுக்கப் போயிருக்காரு." அதற்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை என்று அவளாகவே சொன்னாள். மாமனார் போன வருஷம் காலமாகிவிட்டார்.

கேட்கலாமா என்று நான் தயங்குவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு எடத்தக் காட்டுனாருங்க அக்கா" என்றாள். பிள்ளையை வைத்த பிறகு, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலேயே, பெரட்டுக்கு எல்லாரும் போயிருந்த நேரத்தில் புருஷன் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் பிள்ளையை வைத்த இடம், அதற்கு முந்தின இரண்டையும் வைத்த இடம், மூன்றையும் காட்டியிருக்கிறான். ஓடைக்கு மேல், ஒரு சவுக்கு மரத்தடியில். மாமனாருக்குத் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப அந்த மலையில கொழுந்து எடுக்குறப்ப அந்த எடத்தச் சுத்திப் போவேன்" என்றாள்.

அப்போது அவள் புருஷன் டிக்கெட்டோடு வந்து, கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவளைக் கூப்பிட்டான். பிள்ளைக்கு வைத்த அந்தப் பேரைச் சொல்லி, அதன் அம்மா என்று கூப்பிட்டான். லயத்திலும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மாமனார்தான் ஆரம்பித்து வைத்தாராம்.

அவன் என்னைக் கண்டு கும்பிட்டான். தலை நரைத்திருந்தது. பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னிடம் ஏதோ சொன்னாள், இரைச்சலில் கேட்கவில்லை. பஸ் போன பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன். மடுல்சீமை பஸ் போய்விடும் என்றான்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த நாட்டுக்குப் போறா?" என்று கேட்டார்.

கேட்க மறந்துவிட்டேன் என்றேன். அன்று மாலை ஜெபத்தில் அவர் நாட்டின் பேரைச் சொல்லாமலே அவளுக்காக வேண்டிக்கொண்டார்.